சாளரம் சமைத்தோர்

சென்ற ஆண்டு நம் சங்க விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிட்டபோது நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். செயற்குழு அன்பர் ஒருவர் தம் இல்லத்துக் கணிப்பொறியில் அழகுறத் தட்டச்சு செய்து கொணர்ந்த அழைப்பிதழை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தோம். 'கொண்டாட்டம்' என்ற சொல்லின் முதல் எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும், ககரம் ஒரு பக்கமும், துணைக்கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தன. இடையே பொருளற்ற புள்ளி வட்டங்கள் வேறு. கோப்பு ஒன்றே, தமிழும் ஒன்றே, பொறி மட்டுமே மாறியிருந்தது. அருகில் நின்ற பள்ளி மாணவி ஒருத்தி, "அங்கே நன்றாக இருந்தது இங்கே வந்ததும் ஏன் மாமா உடைந்து போகிறது?" என்று கேட்டாள்.

அவ்வேளையில் அவளுக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, அச்சிறு வினாவின் பின்னே அரை நூற்றாண்டு வரலாறு அடங்கியிருப்பதை அறிந்தேன். ஓர் ஊரில் எழுதிய நிரல் மற்றோர் ஊரிலும் அதே முகத்தோடு நடமாட வேண்டும் என்று முயன்றவர்களின் வரலாறு அது. பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு அவ்வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது என்ற நம்பிக்கையால் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சாளரம் பிறந்த வரலாறு

தொடக்கக் காலக் கணிப்பொறிகளுக்கு முகம் என்று ஒன்று இல்லை. துளையிட்ட அட்டைகளை உள்ளே செலுத்தினால் தாளில் எண்கள் அச்சாகி வெளிவரும். பின்னர், விசைப்பலகையில் கட்டளைச் சொற்களைத் தட்டினால் திரையில் விடை தோன்றும் முறை வந்தது. அக்கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்க்கே கணிப்பொறி பணிந்தது. ஏனையோர்க்கு அது மூடிய கதவாகவே இருந்தது.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் பொறியியல் அறிஞர் ஒரு புதுமையைச் செய்து காட்டினார். கையடக்கமான சிறு கருவி ஒன்றை அவர் மேசைமேல் நகர்த்த, திரையில் ஒரு குறி அதற்கேற்ப நகர்ந்தது. அக்கருவியே இன்று நாம் மௌஸ் என்றும் சுட்டி என்றும் வழங்குவது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம் 'ஆல்டோ' என்ற கணிப்பொறியை உருவாக்கியது. அங்கே ஆலன் கே முதலியோர் 'ஸ்மால்டாக்' என்னும் நிரல்மொழியைப் படைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்களைப் போலச் சாளரங்களைத் திரையில் தோற்றுவித்தனர். சாளரம், சுட்டி, பட்டியல், பொத்தான் ஆகிய நான்கும் கூடிய இவ்வமைப்பையே வரைகலை இடைமுகம் என்கிறோம்.

ஆய்வகத்தில் பிறந்த இக்குழந்தை விரைவில் பல வீடுகளில் வளரலாயிற்று. 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் 'மெக்கின்டாஷ்' வெளிவந்தது. 1985 நவம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'விண்டோஸ்' முதற்பதிப்பை வெளியிட்டது. பல்கலைக்கழகங்களில் பரவியிருந்த யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்காக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் 1984-இல் 'எக்ஸ்' என்ற சாளர முறையைத் தொடங்கினர். அதற்கு முன் வழங்கிய முறைக்கு 'டபிள்யூ' என்று பெயர்; ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்த எழுத்து எக்ஸ் ஆதலின் இப்பெயர் வந்தது.

மூன்று ஊர், மூன்று வழக்கம்

இங்கேதான் இடர் தோன்றியது. வட்டிக் கணக்குப் பார்க்கும் நிரல் ஒன்றை ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். நூற்றுக்கு இத்தனை என்று பெருக்கிக் கூட்டும் பகுதி எந்தக் கணிப்பொறிக்கும் ஒன்றே. ஆனால் தொகையை எழுத ஒரு கட்டம், அழுத்த ஒரு பொத்தான், தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் ஆகியவற்றைத் திரையில் அமைக்க ஒவ்வொரு முறையும் தனித்தனிக் கட்டளைகளைக் கேட்டது. விண்டோசுக்கு எழுதிய பொத்தான் மெக்கின்டாஷில் செல்லாது. மெக்கின்டாஷுக்கு எழுதியது யூனிக்ஸில் செல்லாது.

வழக்கங்களும் வேறுபட்டன. மெக்கின்டாஷில் பட்டியல் வரிசை திரையின் உச்சியில் நிலையாக நிற்கும். விண்டோசில் அது ஒவ்வொரு சாளரத்தோடும் செல்லும். விண்டோசில் இசைவுப் பொத்தான் முதலிலும் விலக்குப் பொத்தான் அதன் வலப்பக்கத்திலும் வரும். ஆப்பிள் வழக்கில் அவ்வரிசை தலைகீழாகும். எக்ஸ் முறையோ சாளரத்தைத் தரும் பொறியமைப்பை மட்டும் தந்து, பொத்தான் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோர் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. ஆகவே யூனிக்ஸ் உலகத்திற்குள்ளேயே பல வடிவங்கள் தோன்றின. அவற்றை ஒழுங்குபடுத்த 1989-இல் 'மோட்டிஃப்' என்ற கருவித் தொகுதி எழுந்தது. பெருநிறுவனங்கள் அதனை ஏற்றுக்கொண்டன. ஆனால் அது கட்டண உரிமத்துக்கு உட்பட்டது. ஒரு சிறு பொத்தானை அமைக்கவும் அதில் நெடிய நிரல் எழுத வேண்டியிருந்தது.

ஒரே பணியை மூன்று முறை செய்வது பெருநிறுவனத்துக்கே சுமையாகும். தனி மனிதனுக்கும், ஏழைப் பல்கலைக்கழகத்துக்கும், சிறு மொழியில் நிரல் எழுத விழைபவனுக்கும் அஃது இயலாத காரியம். எனவே, நிரலுக்கும் கணிப்பொறிக்கும் இடையே நின்று, "நீ ஒரு முறை சொல், அந்தந்த ஊருக்கு ஏற்றபடி நான் செய்து தருகிறேன்" என்று பொறுப்பேற்கும் ஒரு பொதுக் கருவித் தொகுதி தேவையாயிற்று.

இரு நெறிகள்

அத்தகைய தொகுதிகளைப் படைத்தவர்கள் இரு வேறு நெறிகளில் சென்றனர். வேற்றூருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் இவ்விரு நெறிகளும் எளிதில் விளங்கும். சென்ற ஊரின் உடையையும் உணவையும் ஏற்று அவ்வூராரோடு கலந்து வாழ்வோர் ஒரு சாரார். எங்கே சென்றாலும் தம் வீட்டு வழக்கத்தை விடாது உடன் கொண்டு செல்வோர் மற்றொரு சாரார்.

முதல் நெறிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய தொகுதியாகும். ஒரே நிரல் விண்டோசிலும் எக்ஸ் முறையிலும் ஓடவேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டது. இரண்டின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'டபிள்யூ-எக்ஸ்-விண்டோஸ்' என்று அவர் பெயரிட்டார். மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் வணிகப் பெயரைக் கருதி வேண்டிக் கொண்டதால், 2004-இல் அது 'டபிள்யூ-எக்ஸ்-விட்ஜெட்ஸ்' என்று மாறியது. இத்தொகுதி தானாக எந்தப் பொத்தானையும் வரைவதில்லை. விண்டோசில் விண்டோசின் பொத்தானையும், மெக்கின்டாஷில் மெக்கின்டாஷின் பொத்தானையும் அழைத்துப் பயன்படுத்தும். ஆகவே அதனால் எழுதிய நிரல் எவ்வூரிலும் அவ்வூர் நிரலாகவே தோன்றும். ஒலிப்பதிவுக்குப் பலரும் பயன்படுத்தும் 'ஆடாசிட்டி' நெடுங்காலம் இத்தொகுதியின் மேலேயே நின்றது.

இந்நெறியில் ஒரு குறையும் உண்டு. எல்லா ஊர்களுக்கும் பொதுவாக உள்ளவற்றை மட்டுமே தடையின்றி வழங்க இயலும். 1995-இல் சன் நிறுவனம் 'ஜாவா' மொழியை வெளியிட்டபோது, ஒரு முறை எழுதினால் எங்கும் ஓடும் என்று முழங்கியது. அதனுடன் வந்த 'ஏ.டபிள்யூ.டி.' என்ற தொகுதி உள்ளூர்ப் பொத்தான்களையே நம்பியிருந்தது. ஓரிடத்தில் உள்ளது மற்றோரிடத்தில் இல்லாமையால், அத்தொகுதி மிகச் சில உறுப்புகளோடு நின்றுவிட்டது. உள்ளூர் உறுப்புகளின் நுண்ணிய வேறுபாடுகளும் நிரலாளரை வருத்தின.

அதனால் ஜாவா படைத்தோர் இரண்டாம் நெறிக்கு மாறினர். 1998 டிசம்பரில் வெளிவந்த ஜாவாப் பதிப்போடு 'ஸ்விங்' என்ற தொகுதி இணைந்து வந்தது. அது வெறுஞ்சாளரத்தை மட்டும் கேட்டுப் பெற்று, உள்ளே இருக்கும் பொத்தான், பட்டியல் யாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். எங்கும் ஒரே தோற்றம், எங்கும் ஒரே நடத்தை என்ற நன்மை கிடைத்தது. ஆனால் எவ்வூரிலும் அது சற்று அயலாகத் தோன்றியது. வேகமும் குறைவு என்ற குறையும் எழுந்தது. அதற்கு மாற்றாக ஐ.பி.எம். நிறுவனத்தார் 'எக்லிப்ஸ்' பணிக்காக மீண்டும் உள்ளூர் உறுப்புகளை நாடி 'எஸ்.டபிள்யூ.டி.' என்ற வேறொரு தொகுதியை அமைத்தனர். இவ்வாறு ஒரு மொழிக்குள்ளேயே இரு நெறிகளும் மாறி மாறி வந்தமை நோக்கத்தக்கது.

இவற்றுக்கு இடையே எளிமையே உருவாக ஒரு தொகுதி தோன்றியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் அவுஸ்டர்ஹவுட், 'டிக்கிள்' என்ற சிறு நிரல்மொழியையும் அதனோடு 'டிகே' என்ற கருவித் தொகுதியையும் உருவாக்கினார். மோட்டிஃப் முறையில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை அதில் ஓரிரு வரிகளில் முடிக்கலாம். முதலில் எக்ஸ் முறைக்கு மட்டும் உரியதாயிருந்த அது, பின்னர் விண்டோசுக்கும் மெக்கின்டாஷுக்கும் சென்றது. இது நம் இல்லங்களுக்குத் தொலைவான செய்தி அன்று. நம் குடியிருப்பில் மேல்நிலை வகுப்பில் 'பைத்தான்' பயிலும் பிள்ளைகள் 'ஐடில்' என்ற சாளரத்தைத் திறந்து பாடம் எழுதுகிறார்கள் அல்லவா? அச்சாளரத்தை வரைந்து தருவது டிகேதான்.

நார்வே நாட்டு நண்பர் இருவர்

இத்துறையில் மிகப் பெரும் புகழ் பெற்ற தொகுதி நார்வே நாட்டில் பிறந்தது. த்ரோண்ட்ஹைம் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஹாவர்ட் நூர்ட், ஐரிக் சேம்ப்-எங் என்னும் இருவர், 1990-இல் மருத்துவத் துறையின் அல்ட்ராசவுண்டு படங்களைச் சேமித்துக் காட்டும் நிரலில் பணியாற்றினர். அந்நிரல் யூனிக்ஸ், மெக்கின்டாஷ், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் ஓட வேண்டியிருந்தது. அத்தேவையே ஒரு பொதுத் தொகுதியைச் செய்யும் எண்ணத்தை அவர்களிடம் விதைத்தது. 1991-இல் எழுதத் தொடங்கினர். வருவாய் ஏதுமில்லாத தொடக்க ஆண்டுகளில் இருவரின் மனைவியரும் பணிபுரிந்து குடும்பம் காத்தனர் என்பதை அவ்வரலாற்றை எழுதியோர் மறவாது குறித்துள்ளனர். நிரலாளர் பெயரைப் பொறிக்கும் வரலாறு இல்லாளின் உழைப்பையும் பொறித்திருப்பது பாராட்டத்தக்கது.

1994-இல் நண்பர்கள் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அதுவே பின்னர் 'ட்ரால்டெக்' என்று பெயர் பெற்றது. 1995 மே மாதம் அவர்களுடைய தொகுதி உலகுக்கு வழங்கப்பட்டது. கியூ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளே அதன் பெயர். 'கியூட்' என்று ஒலிப்பர். நூர்ட் பயன்படுத்திய எழுத்துருவில் கியூ என்ற எழுத்து மிக அழகாக இருந்ததே அப்பெயருக்குக் காரணம் என்பர். 1996 மார்ச்சில் ஐரோப்பிய விண்வெளி முகமை பத்து உரிமங்களை விலைகொடுத்து வாங்கியது.

கியூட் தொகுதியின் சிறப்புகளுள் ஒன்றை மட்டும் கூறுவேன். பொத்தானை அழுத்தினால் எந்த வேலை நடக்க வேண்டும் என்பதைப் பொத்தானுக்குள்ளேயே எழுதி வைத்தால், அப்பொத்தானை வேறிடத்தில் பயன்படுத்த இயலாது. சேம்ப்-எங் 1992-இல் இதற்கு ஒரு வழி கண்டார். பொத்தான், "நான் அழுத்தப்பட்டேன்" என்று அறிவிக்கும். அவ்வளவே அதன் கடமை. அவ்வறிவிப்பைக் கேட்க விரும்பும் பகுதிகளை நிரலாளர் தனியே இணைத்துவிடுவார். கோயில் மணி யார் வருவார் என்று அறியாமலே ஒலிக்கிறது. பூசை காண்போர் வருகிறார்கள், அன்னம் பெறுவோரும் வருகிறார்கள். இவ்வெளிய முறையைப் பிற்காலத் தொகுதிகள் பலவும் பின்பற்றின.

உரிமை பற்றிய வழக்கு

1996 அக்டோபர் 14-ஆம் நாள், ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக் ஓர் அழைப்பு விடுத்தார். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் அறிஞர்க்கு மட்டும் பயன்படும் நிலை மாற வேண்டும். வீட்டில் உள்ளோரும் எளிதில் கையாளத்தக்க முகம் அதற்கு வேண்டும் என்பது அவர் கருத்து. 'கேடிஈ' என்ற அத்திட்டத்துக்கு அடித்தளமாக அவர் தேர்ந்தெடுத்தது கியூட் தொகுதியையே.

உடனே ஒரு வழக்கு எழுந்தது. கியூட் தொகுதியை யூனிக்ஸில் கட்டற்ற நிரல்கள் எழுத விலையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் அதனைத் திருத்தி, திருத்திய வடிவைப் பிறர்க்கு வழங்கும் உரிமை இல்லை. "வீடு நம்முடையது, அது நிற்கும் மனை பிறருடையது. நாளை மனைக்காரர் மனம் மாறினால் வீட்டின் கதி என்ன?" என்று பலர் வினவினர். வாடகை மனையில் வாழ்ந்து பழகிய நமக்கு அவ்வினாவின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இவ்வினாவுக்கு மூன்று விடைகள் எழுந்தன. முதலாவது, புதிய வீடு கட்டுதல். 1997 ஆகஸ்டில் மெக்சிகோ நாட்டு இளைஞர்களான மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 'குனோம்' என்ற மாற்றுத் திட்டத்தைத் தொடங்கினர். அதற்கு அடித்தளமாக அமைந்த 'ஜிடிகே' தொகுதியின் பிறப்பும் சுவையானது. பெர்க்கிலி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 'கிம்ப்' என்ற படம் வரையும் நிரலை முதலில் மோட்டிஃப் கொண்டு எழுதினர். அக்கட்டணத் தொகுதியின் தளையிலிருந்து விடுபடத் தாமே ஒரு தொகுதியைச் செய்துகொண்டனர். ஓவியம் வரையக் கட்டிய பந்தலே பின்னர் ஊர்ப் பொதுமண்டபமாக வளர்ந்தது. இரண்டாவது, 'ஹார்மனி' என்ற பெயரில் கியூட் போன்றே கட்டற்ற தொகுதி ஒன்றை எழுதும் முயற்சி. அது நிறைவு பெறவில்லை.

மூன்றாவது விடையே வரலாற்றில் நிலைத்தது. அது சண்டையை விடுத்து ஒப்பந்தத்தை நாடியது. 1998-இல் கேடிஈ அமைப்பும் ட்ரால்டெக் நிறுவனமும் கூடி ஓர் அறக்கட்டளையை நிறுவின. கியூட் தொகுதியின் கட்டற்ற பதிப்பு குறித்த காலத்துக்குள், அதாவது பன்னிரண்டு மாதங்களுக்குள், வெளிவராது போனால், கடைசிப் பதிப்பை எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் அவ்வறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டது. நிறுவனம் விற்கப்பட்டாலும், நொடித்தாலும் பொதுச்சொத்து அழியாது என்பதே அதன் உட்பொருள்.

எனினும் ஐயம் உடனே தீரவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் 'டெபியன்' குழுவினர் உரிமச் சிக்கலைக் காட்டிக் கேடிஈயை விலக்கினர். இறுதியில் 2000 செப்டம்பரில் ட்ரால்டெக் நிறுவனம், யூனிக்ஸுக்கான கியூட் தொகுதியை 'ஜிபிஎல்' என்னும் கட்டற்ற பொது உரிமத்தில் வெளியிட்டது. 2005-இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலிருந்து விண்டோசுக்கும் அவ்வுரிமை விரிந்தது.

ஒப்பந்தத்தின் வலிமையைக் காலம் சோதித்தது. 2008-இல் நோக்கியா நிறுவனம் ஏறத்தாழ 10 கோடி யூரோ கொடுத்து ட்ரால்டெக்கை வாங்கியது. அடுத்த ஆண்டே உரிமத்தை மேலும் தளர்த்தியது. 2011 பிப்ரவரியில் அந்நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு மைக்ரோசாப்டின் இயங்குதளத்தை ஏற்றது. கியூட் அதற்கு வேண்டாததாயிற்று. 2012-இல் பின்லாந்தின் 'டிஜியா' நிறுவனம் அதனை 40 லட்சம் யூரோவுக்கே பெற்றுக்கொண்டது. பின்னர் அது 'கியூட் கம்பெனி' என்று தனி நிறுவனமாகப் பிரிந்தது. இத்தனை கை மாறியும் அறக்கட்டளையின் ஒப்பந்தம் விடாது தொடர்ந்தது. 2020-ஆம் ஆண்டிலும், நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்புகளைக் கட்டணம் செலுத்துவோர்க்கே வழங்குவதென நிறுவனம் முடிவு செய்தபோது பழைய அச்சம் மீண்டும் தலைகாட்டியது. அப்போதும் பலர் சுட்டிக்காட்டிய துணை, 1998-இல் எழுதிய அவ்வொப்பந்தமே.

மோட்டிஃப் என்ன ஆயிற்று என்று அன்பர்கள் கேட்கலாம். அதனை 2012-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டனர். அதற்குள் உலகம் அதனைக் கடந்து சென்றுவிட்டது. கதவைத் திறப்பதற்கும் காலம் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

தமிழ் எழுத்து முழுமை பெற்ற வகை

இனி, மாணவியின் வினாவுக்கு வருவோம். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உலகப் பொதுவான எண் கிடைத்தது. ஆனால் எண் இருப்பது மட்டும் போதாது. 'கொ' என்பதைக் கணிப்பொறி ஒலிவரிசையில் சேமிக்கிறது. முதலில் ககரம், அதன் பின் ஒகர உயிர்க்குறி. திரையில் காட்டும்போதோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்க வேண்டும். எண் வரிசை வேறு, கண் வரிசை வேறு. ஒன்றை மற்றொன்றாக்கும் பணியைச் சாளரத்தை வரையும் தொகுதியே தனக்குள் உள்ள எழுத்தமைப்புப் பகுதியைக் கொண்டு செய்ய வேண்டும். அப்பகுதி தமிழ் அறியாததாயின், எழுத்து உடைந்தே தோன்றும். எழுத்துருவில் அதற்குரிய குறிப்புகள் இல்லாவிடினும் அதுவே நேரும். நம் அழைப்பிதழுக்கு நேர்ந்தது இத்தகையதே.

ஆங்கிலம் ஒன்றையே கருதிச் செய்த தொகுதிகளில் இவ்வறிவு இல்லை. ஆங்கில எழுத்துகளை வரிசையாக வைத்துக்கொண்டே போனால் போதும் என்று அவை எண்ணின. 2002-இல் வெளிவந்த ஜிடிகே இரண்டாம் பதிப்பு இந்நிலையை மாற்றியது. அதனோடு இணைந்த 'பாங்கோ' என்னும் எழுத்தமைப்புத் தொகுதி உலக மொழிகள் யாவற்றையும் கருதிப் படைக்கப்பட்டது. அனைத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், மொழியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லும் கூடியதே அப்பெயர். கியூட் தொகுதியாரும் தமக்கென அத்தகைய பகுதியை எழுதினர். இரண்டும் கட்டற்றவை ஆதலால், இரு சாராரும் தம் உழைப்பை ஒன்று சேர்த்து 'ஹார்ஃப்பஸ்' என்ற பொதுத் தொகுதியை வளர்த்தனர். போட்டியிட்ட இரு இல்லத்தார் ஒரே கிணற்றை வெட்டியது போன்றது இது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளும், லிப்ரே ஆபீஸும் அக்கிணற்று நீரையே பருகுகின்றன. ஊரிலிருந்து பேரன் அனுப்பும் செய்தியைப் பாட்டி தம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உடையாத தமிழில் படிக்கிறார் என்றால், அதன் பின்னே இவ்வுழைப்பு உள்ளது.

எழுத்துக்கு அடுத்தது சொல். பொத்தானின் மேல் உள்ள சொற்களை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வைக்கும் முறையைக் கட்டற்ற மென்பொருளார் கையாண்டனர். அதனால் நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் மொழிபெயர்க்க முடிந்தது. கேடிஈ, குனோம் இரண்டையும் தமிழாக்கும் பணியில் பல நாடுகளில் வாழும் தமிழ்த் தொண்டர்கள் ஊதியமின்றி ஈடுபட்டனர். மொழிபெயர்த்தால் சொல்லின் நீளம் மாறும். ஆங்கிலத்தில் சிறு சொல்லாக இருப்பது தமிழில் 'அச்சு முன்னோட்டம்' என்று நீளும். இத்தனை புள்ளி அகலம் என்று அளந்து வைத்த பொத்தானில் அது வெட்டுண்டு போகும். கியூட், ஜிடிகே, டிகே ஆகியவை சொல்லுக்கேற்பப் பொத்தானைத் தாமே விரித்துச் சுருக்கும் முறையை உடையவை. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' என்ற இயங்குதளமும் குனோம் சாளரங்களைக் கொண்டே இந்திய மொழிகளை வழங்கியது.

இன்றைய நிலை

இன்று உலாவியையே சாளரத் தொகுதியாகக் கொள்ளும் வழக்கம் ஓங்கியுள்ளது. கிட்ஹப் நிறுவனத்தில் 2013-இல் தோன்றிய 'எலெக்ட்ரான்' ஒவ்வொரு நிரலோடும் ஓர் உலாவியையே சேர்த்துக் கட்டி அனுப்புகிறது. எழுதுவது எளிது, ஆனால் ஒவ்வொரு நிரலும் பெரும் நினைவகத்தை விழுங்குகிறது. ஒரு வேளைச் சோற்றுக்குச் சமையலறை முழுவதையும் தூக்கிச் செல்வதை ஒக்கும் இது. கூகுள் நிறுவனம் 2018 டிசம்பரில் முதற்பதிப்பாக வெளியிட்ட 'ஃப்ளட்டர்' யாவற்றையும் தானே வரைகிறது. 2015-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட 'ரியாக்ட் நேட்டிவ்' உள்ளூர் உறுப்புகளை நாடுகிறது. பழைய இரு நெறிகளே புதிய பெயர்களில் தொடர்கின்றன.

இங்கே ஒரு வியப்பும் உண்டு. கேடிஈ தொண்டர்கள் தம் உலாவிக்காக 'கேஹெச்டிஎம்எல்' என்ற பொறியை எழுதினர். 2003-இல் ஆப்பிள் வெளியிட்ட சஃபாரி உலாவிக்கு அதுவே மூலமாயிற்று. அக்கிளை 'வெப்கிட்' எனப் பெயர் பெற்றது. அதிலிருந்து 2013-இல் குரோம் உலாவியின் 'பிளிங்க்' பிரிந்தது. எலெக்ட்ரான் சுமந்து செல்வதும் அதனையே. மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்றுக் கூடிய தொண்டர்களின் படைப்பு, அவர்கள் அறியாத கோடிக்கணக்கான இல்லங்களில் இன்று குடிகொண்டுள்ளது.

முடிவுரை

இவ்வரலாற்றில் அறிவாற்றல் மிக்கோர் பலரைக் கண்டோம். எனினும் அறிவாற்றல் மட்டுமே ஒரு தொகுதியை வாழவைக்கவில்லை. விலைக்குப் பூட்டி வைத்த மோட்டிஃப் ஒதுங்கிற்று. நிறுவனம் மூன்று கை மாறியும் கியூட் வாழ்கிறது. பொதுச்சொத்தைப் பொதுவாகவே காக்க எழுத்து வடிவில் ஓர் ஒப்பந்தமும், அதனைக் கண்காணிக்கச் சிலரும் இருந்தமையே அதற்குக் காரணம். கதவு திறந்திருந்தமையாலேயே, வணிகர் கணக்கில் சிறு சந்தையான தமிழும் உள்ளே நுழைந்து தன் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் நிறுத்திக் கொண்டது.

நம் சங்கமும் ஒரு பொதுச்சொத்தே. வந்த ஊரின் உடையை ஏற்பதா, நம் வீட்டு வழக்கத்தைக் காப்பதா என்ற வினா நம் இல்லங்களிலும் நாள்தோறும் எழுகிறது. இரண்டுக்கும் இடம் உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எழுத்து மட்டும் உடையாமல் இருக்க வேண்டும். நம் இளைஞருள் நிரல் எழுதுவோர் பலர் உளர். அவர்களுள் இருவர் மூவராவது ஓய்வு நேரத்தில் இத்தொகுதிகளின் தமிழ்ப் பணிக்குக் கைகொடுப்பாராயின், வினா எழுப்பிய அம்மாணவிக்கு அதனினும் சிறந்த விடை வேறில்லை.

இவ்வாண்டு அழைப்பிதழில் 'கொண்டாட்டம்' உடையவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!